தோற்பதற்கென்றே வேட்புமனு: மேட்டூர் சுயேச்சை ஒருவரின் 36 ஆண்டுகள்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

சேலம் மாவட்டம் மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர் 1988இல் முதன்முறையாக வேட்புமனு கொடுத்தார். 2024 மக்களவைத் தேர்தல் வந்தபோது அவர் கணக்கில் 238 தேர்தல்கள் சேர்ந்திருந்தன. ஒன்றிலும் வெற்றி இல்லை. உள்ளாட்சியில் தொடங்கி குடியரசுத் தலைவர் பதவி வரை அவர் மனு கொடுக்காத பதவி இல்லை என்றே சொல்லலாம். பத்திரிகைகள் வைத்த பட்டம் ‘தேர்தல் மன்னன்’. அதிகமுறை தோற்றவர் என்று லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றார். அவர் பெயர் இந்த ஆய்வுக்கு அவசியமில்லை என்பதால் ‘வேட்பாளர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

இவரைப் பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் வேடிக்கைப் பகுதியைச் சேர்ந்தவை. மீசை, தோளில் பளபளக்கும் சால்வை, தோல்விகளின் எண்ணிக்கை, அத்தோடு முடிந்துவிடும். நான் பார்க்க நினைத்தது வேறு. வெல்லும் எண்ணமே இல்லாத ஒருவரை நம் தேர்தல் சட்டம் 36 ஆண்டுகளாக எப்படிக் கையாண்டது? எந்தத் தடை அவரை நிறுத்தியது, எது நிறுத்தவில்லை?

பின்னணி: 1988 டிசம்பர்

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, தி.மு.க., ஜெயலலிதா அணி, ஜானகி அணி, காங்கிரஸ் என்று நான்கு முனைப் போட்டி. 1989 ஜனவரி 21 அன்று வாக்குப்பதிவு. இந்தச் சூழலில்தான் மேட்டூர் சட்டமன்றத் தொகுதிக்கு டயர் கடைக்காரர் ஒருவர் மனு கொடுத்தார். ஊர் சிரித்தது என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சாதாரண ஆளும் தேர்தலில் நிற்கலாம் என்று காட்டத்தான் நின்றேன் என்பது அவர் சொன்ன காரணம்.

அன்றைய விதிகள் அதற்கு இடம் கொடுத்தன. சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய், மக்களவைக்கு 500 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் எழுதிய தொகை அப்படியே கிடந்தது. 1951இல் 500 ரூபாய் பெரிய பணம். 1988இல் அது நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வீட்டுச் செலவுக்குள் அடங்கும். முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். ஒருவர் எத்தனை தொகுதிகளில் வேண்டுமானாலும் நிற்கலாம். சொத்து, வழக்கு விவரம் சொல்லும் பிரமாணப் பத்திரமும் கிடையாது.

தோற்பவர் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் டெபாசிட் போய்விடும். இந்த ஆய்வுக்கு முக்கியமானது அதே சட்டத்தின் இன்னொரு பகுதி: மனு தள்ளுபடியானாலோ, அவரே திரும்பப் பெற்றாலோ, கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். இதைக் கீழே மறுபடி எடுத்துக்கொள்கிறேன்.

நந்தியால், 1991

பி.வி. நரசிம்ம ராவ் 1991 ஜூனில் பிரதமரானபோது நாடாளுமன்ற உறுப்பினராக இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டிய கட்டாயத்தில் ஆந்திரத்தின் நந்தியால் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். தெலுங்கர் ஒருவர் பிரதமராகியிருக்கிறார் என்பதால் என்.டி. ராமராவ் தம் கட்சி சார்பில் ஆளே நிறுத்தவில்லை. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ராவ் வென்றார்.

அந்தத் தேர்தலுக்கும் நம் வேட்பாளர் மனு கொடுத்தார். அப்போது தன்னைச் சிலர் கடத்திச் சென்றதாக இன்றுவரை சொல்லிவருகிறார். இதை அவர் கூற்றாக மட்டுமே இங்கே பதிகிறேன்.

மேட்டூர்க்காரர் நந்தியாலில் எப்படி நிற்க முடிந்தது என்ற கேள்வி வாசகருக்கு எழலாம். மக்களவைக்கு நாட்டின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும், வேறு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். சட்டமன்றத்துக்கு மட்டும் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே பெரிய தலைவர்களைத் துரத்த விரும்புபவருக்கு மக்களவைதான் வசதி.

நந்தியாலுக்குப் பிறகு வேட்பாளரின் போக்கு தெளிவாகிறது. அவர் தொகுதியைத் தேர்ந்தெடுப்பதில்லை, எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறார். வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி, ராகுல் காந்தி என்று அந்தப் பட்டியல் நீண்டது. 2019இல் வயநாட்டில் ராகுல் காந்தி நின்றபோது வாக்குப்பதிவு இயந்திரத்தில் இவர் பெயரும் இருந்தது.

வேட்பாளர் எடுத்த முடிவுகள்

அவர் நடந்துகொண்ட விதத்தைத் தொகுத்துப் பார்த்தால் சில முடிவுகள் திட்டமிட்டே எடுக்கப்பட்டவை என்று தெரிகிறது.

வெற்றி வேண்டாம் என்பது முதல் முடிவு. எல்லோரும் ஜெயிக்க நிற்கிறார்கள், நான் தோற்க நிற்கிறேன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த ஒரு முடிவு செலவுக் கணக்கையே மாற்றிவிடுகிறது. தேர்தலில் பணம் தின்பது பிரச்சாரம்: வண்டி, பந்தல், துண்டறிக்கை, ஆட்களுக்குச் சாப்பாடு. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு இப்போதைய செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். ஜெயிக்கும் ஆசை இல்லாதவருக்கு டெபாசிட்டும் பயணச் செலவும் தவிர வேறு பெரிய செலவு இல்லை. ஒற்றைக் கடை வருமானத்தில், இடையிடையே ஹோமியோபதி மருத்துவமும் பார்த்துக்கொண்டு, இத்தனை காலம் இவர் தாக்குப்பிடித்ததன் முதல் காரணம் இது.

அடுத்தது ஆவணம். ஒவ்வொரு மனுவின் நகலையும் வேட்பாளர் அடையாள அட்டையையும் லேமினேட் செய்து அடுக்கி வைத்திருக்கிறார். மீன், மோதிரம், தொப்பி, தொலைபேசி என்று பல சின்னங்களில் நின்றவருக்கு 2024இல் தருமபுரியில் டயர் சின்னம் அமைந்தது. கடைக்கும் அது விளம்பரம்தானே என்று நினைக்கத் தோன்றும். 25,000 ரூபாய் டெபாசிட்டுக்கு அந்த விளம்பரம் கொஞ்சம் அதிகம்.

1996: அரசு எடுத்த முடிவு

இந்த வேட்பாளரை மனத்தில் வைத்து யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை. திருத்தத்துக்கு வேறு பின்னணி இருந்தது. கொங்கு நாட்டில், மேட்டூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில், 1996இல் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கைகளைக் கேட்க ஆளில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டமாக மனு கொடுத்தார்கள். தேர்தலைத் தள்ளிவைக்க நேர்ந்தது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள்.

ஒப்புக்கு நிற்பவர்களைக் குறைக்க வேண்டும் என்று தேர்தல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990இலேயே சொல்லியிருந்தது. 1996 ஆகஸ்ட் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மக்களவை டெபாசிட் 10,000, சட்டமன்ற டெபாசிட் 5,000 என்று உயர்ந்தது. சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. முன்பு சுயேச்சை ஒருவர் இறந்தாலும் அந்தத் தொகுதித் தேர்தலை ரத்துசெய்ய வேண்டியிருந்தது. இனி அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே தள்ளிவைப்பு. என் பார்வையில் இந்தக் கடைசித் திருத்தம்தான் உண்மையில் அவசரமானது. ஏதோவொரு சுயேச்சையைக் கொன்றாலே தேர்தல் நின்றுவிடும் என்ற நிலை எந்த நாட்டுக்கும் ஆபத்து.

2010 முதல் டெபாசிட் மறுபடி உயர்ந்து மக்களவைக்கு 25,000, சட்டமன்றத்துக்கு 10,000 ஆனது. இன்று ஒரு மக்களவைத் தொகுதிக்குக் கட்டும் பணத்தில் 1988இல் ஐம்பது தொகுதிகளில் நின்றிருக்கலாம்.

கவனித்தவை: பணத் தடையும் கையெழுத்துத் தடையும்

ஐம்பது மடங்கு உயர்வுக்குப் பிறகும் நம் வேட்பாளர் நிற்கவில்லை. அதாவது, நிற்பதை நிறுத்தவில்லை. பத்துப் பேர் கையெழுத்து என்ற விதியும் அவரைத் தடுக்கவில்லை. வெளிமாநிலத் தொகுதிக்குப் போய் பத்து வாக்காளர்களைத் தேடிப் பிடித்து, வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவரின் பாக எண்ணும் வரிசை எண்ணும் பிசகாமல் எழுதி வாங்குவது லேசான வேலை இல்லை. சொந்தத் தொகுதி வாக்காளர் பட்டியலிலிருந்து சான்றிட்ட நகல் வேண்டும். உறுதிமொழி எடுக்க வேண்டும். 2003 முதல் சொத்து, வழக்கு விவரம் சொல்லும் பிரமாணப் பத்திரமும் சேர்ந்துகொண்டது. பரிசீலனையில் சுயேச்சைகளின் மனுக்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். இவர் அதையெல்லாம் பழகிக்கொண்டார். முதல்முறை மனு கொடுக்கும் ஒரு கூலித் தொழிலாளியைவிட, இருநூறாவது முறை கொடுப்பவருக்கு இந்தத் தடைகள் சிறியவை. ஒப்புக்கு நிற்பவரை வடிகட்ட வைத்த வலை புதியவரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கதை வேறு. அங்கேயும் ஒருகாலத்தில் கதவு திறந்தே இருந்தது. 1967இல் 17 பேர் போட்டியிட்டதில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்கும் விழவில்லை. 1974இல் பத்து முன்மொழிபவர், பத்து வழிமொழிபவர், 2,500 ரூபாய் டெபாசிட் என்று விதி வந்தது. அதற்குப் பிறகும் 1992இல், பரேலியைச் சேர்ந்த, நூற்றுக்கணக்கான தேர்தல்களில் நின்ற காகா ஜோகிந்தர் சிங் போட்டியில் இடம்பெற்றார்; அவருக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு (இந்தத் தேர்தலில் எம்.பி., எம்.எல்.ஏ. ஒவ்வொருவரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு) 1,135. 1997இல் தேவை ஐம்பது முன்மொழிபவர், ஐம்பது வழிமொழிபவர் என்று உயர்ந்தது. அவர்கள் அனைவரும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களாக இருக்க வேண்டும். டெபாசிட் வெறும் 15,000. அன்றிலிருந்து 2022 வரை ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் களத்தில் இருந்தது இரண்டே பேர். நம் வேட்பாளர் கொடுத்த குடியரசுத் தலைவர் மனுக்கள் எல்லாம் தள்ளுபடி.

இந்த நிகழ்விலிருந்து எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான். ஒரு தனிமனிதனின் பிடிவாதத்தைப் பணம் தடுப்பதில்லை. சேமித்து வைத்தால் 25,000 கிடைத்துவிடும். அடுத்தவரின் கையெழுத்தைச் சேமிக்க முடியாது. கோபம் கொண்ட கூட்டத்தையும் பணம் முழுதாகத் தடுப்பதில்லை என்பதற்கு 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத் சாட்சி. அங்கே 185 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் மஞ்சள், சோளம் பயிரிடும் விவசாயிகள். ஆளுக்கு 25,000 கட்டி நின்றார்கள் (பட்டியல் வகுப்பினருக்குப் பாதி). ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோடு பன்னிரண்டு வாக்களிப்புக் கருவிகளை இணைக்க வேண்டியிருந்தது, ஒன்றில் 16 பெயர்தான் கொள்ளும்.

238 என்ற எண்ணைப் பற்றி

செய்திகள் இந்த எண்ணை ‘238 முறை போட்டியிட்டார்’ என்று எழுதுகின்றன. குடியரசுத் தலைவர் மனுக்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதால், இது வேட்புமனுக்களின் எண்ணிக்கை. வாக்குச்சீட்டிலோ இயந்திரத்திலோ பெயர் வந்த தேர்தல்களின் எண்ணிக்கை அல்ல. மாநிலங்களவைக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் முன்மொழிய வேண்டும், அங்கேயும் அவர்கள் ஆதரவில்லாத சுயேச்சைக்கு வழியில்லை.

இங்கேதான் முன்பு சொன்ன விதி வந்து சேர்கிறது. தள்ளுபடியான மனுவின் டெபாசிட் திரும்பி வரும். ஆகவே கணக்கில் ஒன்று கூடும், கையிலிருந்து பணம் போகாது. அவர் மொத்தச் செலவு பற்றி ஊடகங்களில் லட்சங்களில் ஒரு தொகையும் கோடியில் ஒரு தொகையுமாக வந்திருப்பதன் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டிய தொகையைக் கூட்டினால் ஒரு எண், இழந்த தொகையைக் கூட்டினால் வேறு எண்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாத் தேர்தலிலும் கதவைத் தட்டிப் பார்ப்பதே அவர் வேலை என்றால், திறக்காத கதவையும் எண்ணத்தான் செய்வார். செய்தியாளர்கள் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

2011: வாக்கு விழுந்தபோது

சில தேர்தல்களில் ஒரு வாக்குகூட விழாத இவருக்கு, 2011 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான மேட்டூரில் 6,273 வாக்குகள் கிடைத்தன. இதுவரை அவர் வாங்கியதில் அதுதான் அதிகம். வென்ற தே.மு.தி.க. வேட்பாளர் 75,000க்கும் மேல் பெற்றார். டெபாசிட்டைக் காப்பாற்ற இருபதாயிரத்துக்கும் மேல் வேண்டும் என்பதால் பணம் போனது போனதுதான்.

ஆனால் வென்றவருக்கும் இரண்டாவதாக வந்த பா.ம.க. வேட்பாளருக்கும் இடையிலான வித்தியாசம் மூவாயிரத்துக்கும் குறைவு. வேடிக்கை வேட்பாளர் என்று எல்லோரும் ஒதுக்கியவர் வாங்கியது அதைப்போல இரண்டு மடங்கு. அந்த ஆறாயிரம் பேரும் இவர் இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பார்கள், வாக்குச்சாவடிக்கே வந்திருப்பார்களா என்று சொல்ல வழியில்லை. ஆகவே முடிவை மாற்றினார் என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தான் வந்தது 2013இல். அதற்கு முன் எல்லாக் கட்சி மீதும் சலித்துப்போன வாக்காளருக்கு, ஊருக்குத் தெரிந்த, தோற்பேன் என்று தானே சொல்கிற ஒரு கடைக்காரர் நல்ல வடிகாலாக இருந்திருப்பார். இது என் ஊகம்.

ஒரு வாக்கைக்கூட எதிர்பார்க்காதவர் இதை மக்கள் தன்னை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த வாக்குகளைப் பிடித்துக்கொண்டு மேட்டூரிலேயே வேலைசெய்து, அடுத்தமுறை நகராட்சிக்கோ சட்டமன்றத்துக்கோ உண்மையாகவே முயலவில்லை. தோல்விச் சாதனையே போதும் என்று பழைய வழிக்கே திரும்பினார். இந்த 36 ஆண்டுகளில் அவர் முன் வந்த ஒரே உண்மையான திருப்பம் அது என்று நினைக்கிறேன். அவர் அதை எடுக்கவில்லை.

விளைவு

வேட்பாளருக்குக் கிடைத்தவை: சாதனைப் புத்தகத்தில் இடம், ஒவ்வொரு தேர்தலிலும் பேட்டி, அடுக்கடுக்காக லேமினேட் செய்த தாள்கள். இழந்தவை: கடை வருமானத்தில் கணிசமான பகுதி. இதோடு ஓயாத எழுத்து வேலையும் உண்டு. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல்செய்ய வேண்டும், தவறினால் மூன்றாண்டு தகுதிநீக்கம். ஒவ்வொரு தேர்தலிலும் இதில் சிக்கிக்கொள்ளும் சுயேச்சைகள் ஏராளம். முப்பதாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து மனு கொடுப்பவர் கணக்கு வழக்கில் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

பொதுமக்களுக்கு ஆன செலவு: இயந்திரத்தில் ஒரு வரி, பரிசீலனையில் ஒரு கோப்பு. இதைப் பெரிய தொல்லை என்று சொல்பவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு தொகுதிகளில் நிற்கும் பெரிய தலைவர் இரண்டிலும் வென்றால் ஒன்றைக் கைவிடுவார், அங்கே இடைத்தேர்தல் வரும். 2024இல் ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டை ராகுல் காந்தி விட்டதால் அந்தத் தொகுதி மறுபடி வாக்களித்தது. பிரதமர் மோடியும் 2014இல் வதோதராவை விட்டார். தோற்றுக்கொண்டே இருப்பவரால் ஒரு இடைத்தேர்தலும் வந்ததில்லை.

எதை மாற்றலாம்

அரசியல் சாசன மறுஆய்வு ஆணையம் 2002இல் கடுமையான ஒரு யோசனை சொன்னது: ஒரே பதவிக்குச் சுயேச்சையாகத் தொடர்ந்து மூன்றுமுறை தோற்றவர் அந்தப் பதவிக்கு நிரந்தரமாகப் போட்டியிடக் கூடாது. சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை, 2015இல், சுயேச்சைகளே வேண்டாம் என்றது. இரண்டும் சட்டமாகவில்லை. ஆகாமல் இருப்பதே நல்லது. தோற்பது குற்றமில்லை, மூன்றுமுறை தோற்ற கட்சி வேட்பாளருக்குத் தடை இல்லாதபோது சுயேச்சைக்கு மட்டும் ஏன்?

டெபாசிட்டை மேலும் ஏற்றுவதும் தவறான திசை. மேட்டூர் வேட்பாளர் அதையும் கட்டுவார். கட்ட முடியாதவர் அறுபது நாள் கூலியை ஒன்றாகப் பார்க்காத தொழிலாளி. டெபாசிட்டை இருக்கும் அளவில் நிறுத்திவிட்டு, முன்மொழிபவர் எண்ணிக்கையைப் பத்திலிருந்து நூறு அளவுக்கு உயர்த்துவதே என் பரிந்துரை. தொகுதிக்குள் நூறு பேர் கையெழுத்துப் போட முன்வராதவர் அங்கே நிற்க வேண்டிய தேவை குறைவு. இதிலும் சிக்கல் உண்டு. கிராமத்தில் முன்மொழிந்தவரை ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக்கே போய் மிரட்டிக் கையெழுத்து தன்னுடையதல்ல என்று சொல்லவைப்பது நமக்குப் புதிதல்ல. எண்ணிக்கை உயர்ந்தால் மிரட்டலுக்கு இடமும் விரியும். ஆகவே கையெழுத்துகளை மனு நாளுக்கு முன்பே தேர்தல் அலுவலகத்தில் நேரில் பதியும் வசதி வேண்டும்; அது இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் குடியரசுத் தலைவர் தேர்தல் போலவே சாமானியருக்குக் கதவு சாத்திவிடும்.

கூடவே, தேர்தல் ஆணையம் வேட்பாளர்வாரியாக ஒரு பொதுப் பட்டியலை வைக்கலாம்: கொடுத்த மனு, ஏற்கப்பட்ட மனு, திரும்பப் பெற்றது, பெற்ற வாக்கு, இழந்த டெபாசிட். பெயர் ஒற்றுமையால் வாக்கைப் பிரிக்க நிறுத்தப்படும் ஆட்கள், கூடுதல் முகவர்களுக்காகவும் வாகன அனுமதிக்காகவும் நிறுத்தப்படும் டம்மிகள் யார் யார் என்பது அந்தப் பட்டியலில் தானே தெரியவரும். மேட்டூர் வேட்பாளரின் 238இல் எத்தனை முறை மக்கள் முன் அவர் பெயர் உண்மையில் வைக்கப்பட்டது என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.